இரண்டாவது ஹீரோவுக்கு இடம் இருக்கிறதா?

கேம் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கேம் ஓடுகிறது, ஹீரோ குதிக்கிறான், இப்போது இன்னொரு கேரக்டர் வேண்டும். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஓட்ட விளையாட்டு ஒன்று செய்கிறேன் சார். ஒரு பையன் ஓடுவான், குதிப்பான், குனிந்து சறுக்குவான். இவனோடு ஒரு பெண், ஒரு ரோபோ, ஒரு நாய் மூன்றையும் சேர்க்க நினைத்து பிளேயர் ஸ்கிரிப்டை (ஹீரோவை ஓட்டும் நிரலை) மூன்று நகல் எடுத்தேன். இப்போது குதிப்பதில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் நான்கு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. நகல்களைத் தூக்கிவிட்டு, ஒரே ஸ்கிரிப்டில் 'ரோபோ என்றால் இப்படி, நாய் என்றால் அப்படி' என்று எழுதிவிடலாமா? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: எழுதலாம், நான்கு கேரக்டர் வரைக்கும் தாங்கும். எட்டாவது வரும்போது அந்த ஸ்கிரிப்டைத் திறக்கவே உங்களுக்குப் பயமாக இருக்கும்.

நிரலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். புதிய ஆள் வந்தால் மாறப்போவது முகமா, காலா? 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் லூய்ஜி என்பவர் நிறம் மாற்றிய மாரியோதான். அதே ஓட்டம், அதே குதிப்பு. அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் லூய்ஜி அதிக உயரம் குதித்தார், நின்றால் வழுக்கினார். முதலாவது முகம் மட்டும் மாறிய கேரக்டர், இரண்டாவது காலும் மாறிய கேரக்டர். முகம் மட்டும் மாறினால் ஓவியருக்கு வேலை. கால் மாறினால் ஓவியர், புரோகிராமர், லெவல் போடுபவர், சோதிப்பவர் எல்லோருக்கும் வேலை. உங்கள் குழுவில் இந்த நால்வரும் நீங்களே என்று நினைக்கிறேன்.

அடுத்து, உங்கள் பிளேயர் ஸ்கிரிப்ட். இதை நான் திரையில் செய்வதில்லை. அச்செடுத்து வைத்துக்கொண்டு வண்ணப் பேனாவால் கோடு போடுவேன். வேகம், குதிக்கும் விசை, சறுக்கும் நேரம், உயிர் எண்ணிக்கை போன்ற எண்களுக்கெல்லாம் சிவப்பு. படம், அனிமேஷன், காலடிச் சத்தம், தேர்வுத் திரையில் காட்டும் பெயர், சின்னப் படம் இவற்றுக்கு நீலம். கோடு விழாமல் மிஞ்சுவதுதான் உண்மையான பிளேயர் ஸ்கிரிப்ட்: விரல் தட்டலை வாங்குவது, தரையில் நிற்கிறானா என்று பார்ப்பது, நகர்த்துவது. அது எல்லாக் கேரக்டருக்கும் பொது. அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

சிவப்பும் நீலமும் ஸ்கிரிப்டை விட்டு வெளியே போகட்டும். யூனிட்டியில் இதற்கு ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் என்ற தகவல் ஃபைல் இருக்கிறது. கோடோ என்ற இன்னொரு கேம் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ரிசோர்ஸ். 'கேரக்டர் தகவல்' என்று ஒரு வகையை எழுதிவிட்டு, பையனுக்கு ஒரு ஃபைல், பெண்ணுக்கு ஒரு ஃபைல், ரோபோவுக்கு ஒன்று. ஸ்கிரிப்ட் கேட்பது 'என் குதிக்கும் விசை எவ்வளவு?' என்று மட்டும்தான். தான் ரோபோவா பையனா என்று அதற்குத் தெரியவே கூடாது. 'ரோபோ' என்ற சொல் பிளேயர் ஸ்கிரிப்டுக்குள் எங்காவது இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் ரோபோவுக்கு மட்டும் இரட்டைக் குதிப்பு வேண்டுமே, என்பீர்கள். அதைத் தனி காம்போனென்ட்டாக, அதாவது கழற்றி மாட்டக்கூடிய உறுப்பாக எழுதி, ரோபோவின் ப்ரீஃபாபில் (கேரக்டரை உருவாக்கும் அச்சில்) மட்டும் மாட்டுங்கள். நாளைக்கு நாய்க்கும் இரட்டைக் குதிப்பு வேண்டுமென்றால் அதே காம்போனென்ட்டை அங்கேயும் மாட்டலாம். ரோபோவைத் தாயாக வைத்து, அதிலிருந்து நாயைப் பிறப்பிக்கும் வேலை மட்டும் வேண்டாம். கிளாஸ் பரம்பரை (ஒரு நிரலிலிருந்து இன்னொன்று பிறப்பது) மூன்று தலைமுறை போனதும் பாட்டியிடம் செய்த திருத்தம் பேரனை உடைக்கும்.

அனிமேஷனுக்கும் இதே கதைதான். எந்த அசைவுக்குப் பின் எது என்று சொல்லும் அனிமேட்டர் கன்ட்ரோலரை நான்கு முறை வரையாதீர்கள். ஓடு, குதி, சறுக்கு, விழு என்ற நிலைகளும் அவற்றுக்கு இடையிலான அம்புக்குறிகளும் ஒரே கன்ட்ரோலரில் இருக்கட்டும். ஒவ்வொரு கேரக்டருக்கும் அனிமேட்டர் ஓவர்ரைடு கன்ட்ரோலர் ஒன்று வைத்து கிளிப்புகளை (அசைவுகளை) மட்டும் மாற்றுங்கள்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது பிளேயரிடம் அல்ல, பிளேயரைச் சுற்றி. கேமரா, எதிரி, நாணயம், ஸ்கோர் காட்டும் பலகை ஒவ்வொன்றும் காட்சியில் ஏற்கெனவே நிற்கும் அந்தப் பையனைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும். அவன் இடத்தில் ரோபோ வந்ததும் கேமரா நகராது, எதிரி சும்மா நிற்கும். பையனைக் காட்சியிலிருந்து அழித்துவிடுங்கள். தொடக்க இடத்தில் ஆளை உருவாக்கும் ஸ்பானர் ஒன்று மட்டும் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த கேரக்டரை அது உருவாக்கி, 'ஆள் வந்தாச்சு, இவர்தான்' என்று ஓர் ஈவென்ட் (அறிவிப்பு) விடட்டும். வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் கேமில் எங்கெல்லாம் அந்தப் பையனை நம்பிக்கொண்டிருந்தீர்கள் என்பது அவனை அழித்த நிமிடமே சிவப்பு எழுத்தில், பிழை காட்டும் கன்சோலில் வந்து நிற்கும்.

இனி வரிசை. பெண்ணை முதலில் சேருங்கள், முகம் மட்டும் மாற்றி. பிறகு ரோபோ. நாய் கடைசி. அது நான்கு காலில் நீளவாக்கில் ஓடும். அதன் உடம்புக்கு ஏற்றபடி ஹிட்பாக்ஸ் (மோதலைக் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி) போட்டால், பையன் குனிந்து போகும் தடையின் கீழே நாய் நிமிர்ந்தே போய்விடும். பையன் லேசாகத் தாண்டும் பள்ளத்தில் பின்னங்கால் இடிக்கும். படம் நாயாக இருக்கட்டும், ஹிட்பாக்ஸ் பையனுடையதாகவே இருக்கட்டும். விளையாடுபவர் கண்டுபிடிக்க மாட்டார். ஹிட்பாக்ஸ் படத்தை விடச் சற்றுச் சிறியதாக இருந்தால் நன்றி சொல்வார்.

எந்தக் கேரக்டரானாலும் படம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். நான் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத்தான் முதலில் ஓடவிடுவேன். பெட்டியாக இருக்கும்போதே ஓட்டுவதற்குச் சுவையாக இல்லை என்றால், மேலே அழகான தொப்பி போட்டாலும் வராது.

கேள்வி: என் கேமிலும் ஒரு பையன், ஒரு ரோபோ. ரோபோவுக்கு வேகத்தையும் குதிப்பையும் வெறும் 10 சதவீதம்தான் கூட்டினேன். பாதி லெவல்கள் அர்த்தமில்லாமல் போய்விட்டன. பத்து சதவீதத்துக்கா இவ்வளவு? – பகலில் வங்கி வேலை, இரவில் கேம்

பதில்: அது பத்து அல்ல. குதிக்கும் உயரம், மேலே கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த அதே சூத்திரம்: வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கிளம்பும் வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் உயரம் 21 சதவீதம் ஏறும். காற்றில் இருக்கும் நேரம் 10 சதவீதம் கூடும். நீங்கள் ஓடும் வேகத்தையும் கூட்டியிருப்பதால் தாண்டும் தூரமும் 21 சதவீதம் கூடிவிட்டது. 5 கட்டம் தாண்டியவன் இப்போது 6 கட்டம் தாண்டுகிறான். பையனுக்காக நீங்கள் வைத்த பள்ளங்களை ரோபோ திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தடை திரையின் ஓரத்தில் தெரியும்போது அது 10 கட்டம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 கட்டம் ஓடுபவருக்கு யோசிக்க 1 நொடி இருக்கும். நொடிக்கு 12.5 கட்டம் என்றால் 0.8 நொடிதான். வேகமான கேரக்டரைப் பரிசு என்று கொடுக்கிறோம். வாங்கியவர் முன்னைவிட அதிகமாகச் செத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே எண்ணை அனுபவத்துக்கு விடாமல் அட்டவணை போடுங்கள். எல்லாக் கேரக்டரிலும் குறைவாகத் தாண்டுபவர் எவ்வளவு, அதிகமாகத் தாண்டுபவர் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். கட்டாயம் தாண்ட வேண்டிய பள்ளம் எதுவும் முதல் எண்ணை மீறக் கூடாது. யாரும் போகக் கூடாத சுவர் இரண்டாவதை விட உயரமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருவதெல்லாம் ரகசிய வழி, கூடுதல் நாணயம், குறுக்குப் பாதை. ஒரு கேரக்டரின் தனித்தன்மையை வைக்க வேண்டிய இடம் அந்த நடுப்பகுதிதான்.

இதில் எனக்கு இன்றும் பிடித்த உதாரணம் 1988இல் அமெரிக்காவில் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2. முன்பு சொன்ன ஜப்பானின் இரண்டாம் பாகம் வேறு, இது வேறு. நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். மாரியோ நடுத்தரம், லூய்ஜிக்கு உயரம், டோடுக்குப் பொருளைப் பிடுங்கித் தூக்கும் வேகம், இளவரசிக்குக் காற்றில் கொஞ்ச நேரம் மிதக்கும் திறன். குதித்துக் குதித்துச் சலித்தவர்கள் இளவரசியை எடுத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவரிடம் எடுத்துவிட்டதால் யாரும் யாருக்கும் மேல் இல்லை. உங்கள் ரோபோவிடம் வேகம், குதிப்பு இரண்டும் இருக்கிறது, இல்லாதது என்று ஒன்றுமே இல்லை. அப்புறம் பையனை யார் எடுப்பார்கள்?

என்னைக் கேட்டால் வேகத்தைப் பழையபடி வையுங்கள். இரட்டைக் குதிப்பு ஒன்று போதும், அதுவும் இரண்டாவது குதி முதல் குதியின் பாதி உயரத்தோடு.

கேள்வி: ஆறு கேரக்டர் சேர்த்தேன். தேர்வுத் திரையைத் திறந்தாலே பழைய போன்களில் கேம் மூடிக்கொள்கிறது. படங்கள் எல்லாம் சேர்த்து வெறும் சில எம்பிதான்! – கணவனும் மனைவியுமாக கேம் செய்பவர்கள்

பதில்: நீங்கள் பார்ப்பது பிஎன்ஜி ஃபைலின் அளவு. போனின் நினைவகத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அங்கே போகும்போது படம் விரிந்துவிடும். ஒரு புள்ளிக்கு 4 பைட். 256க்கு 256 அளவில் ஒரு ஃபிரேம் என்றால் 256 கேபி. எட்டு அசைவு, ஒவ்வொன்றுக்கும் எட்டு ஃபிரேம் என்று 64 ஃபிரேம் போட்டால், அது சரியாக 2048க்கு 2048 தாள் ஒன்று: 16 எம்பி. ஆறு பேருக்கு 96 எம்பி. பின்னணி, எதிரி, எழுத்துரு எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

சுருக்கும் முறையை மாற்றுவது ஒரு நிமிட வேலை. டெக்ஸ்சர் (படத் தாள்) அமைப்பில் ஏஎஸ்டிசி என்ற சுருக்கும் முறையை 6க்கு 6 என்று வையுங்கள். அதே தாள் 2 எம்பிக்கும் கீழே வந்துவிடும். ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தால் 4க்கு 4 வையுங்கள், 4 எம்பி ஆகும். ஏஎஸ்டிசி தெரியாத பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஈடிசி2 என்ற முறை இருக்கிறது.

ஆனால் உங்கள் சிக்கலின் வேர் அது இல்லை என்று சந்தேகப்படுகிறேன். தேர்வுத் திரையில் ஒரு கேரக்டர் பட்டியல் வைத்திருப்பீர்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு கேரக்டரின் ப்ரீஃபாபையும் நேரடியாகச் சுட்டிக்கொண்டிருக்கும். யூனிட்டியைப் பொறுத்தவரை பட்டியலை ஏற்றினால், அது சுட்டும் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். ஒரு சின்னப் படத்தைக் காட்டுவதற்காக ஆறு பேரின் ஓட்டம், குதிப்பு, சறுக்கல், சத்தம் முழுவதும் உள்ளே வந்துவிடும். கோடோவில் பிரீலோடு (முன்கூட்டியே ஏற்றும் கட்டளை) போட்டு வைத்தவர்களுக்கும் இதே கதி.

பட்டியலில் பெயரும் சின்னப் படமும் மட்டும் நேரடியாக இருக்கட்டும். முழு ப்ரீஃபாபை அட்ரஸபிள்ஸ் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் யூனிட்டி வசதி) வழியாகச் சுட்டுங்கள். விளையாடுபவர் 'தொடங்கு' என்று அழுத்திய பிறகு அந்த ஒருவரை மட்டும் ஏற்றுங்கள். ஆள் மாறினால் பழையவரை ரிலீஸ் செய்ய மறக்காதீர்கள். ஏற்றத் தெரிந்தவர்கள் பலர், இறக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள் கேரக்டர்களைப் போட்டிருந்தால் அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது பயன்பட்டாலும் படாவிட்டாலும் பில்டுக்குள், அதாவது வெளியிடும் கேமுக்குள் போகும்.

இருவரில் யார் படம் வரைகிறீர்கள் என்று தெரியவில்லை. வரைபவரிடம் இன்னொன்று கேளுங்கள். ஃபிரேம் ஃபிரேமாக வரையாமல் எலும்பு வைத்து அசைத்தால் ஒரே எலும்புக்கூட்டுக்கு ஆறு தோல் மாட்டலாம். அசைவை ஒரு முறை செய்தால் போதும். எல்லோரும் ஒரே மாதிரி நடப்பார்கள் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. மனித உடம்பு கொண்ட கேரக்டர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

கேள்வி: அப்டேட் விட்டதும் 'நான் வாங்கிய சூனியக்காரி எங்கே, ஏன் எனக்குத் தவளை வந்திருக்கிறது' என்று ஒருவர் கேட்கிறார். எப்படி?

பதில்: சேவ் ஃபைலில் '3' என்று எழுதி வைத்திருப்பீர்கள். பட்டியலின் நடுவில் தவளையைச் செருகியதும் மூன்றாவது இடம் தவளைக்குப் போயிருக்கும். இடத்தின் எண்ணை ஒருபோதும் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு கேரக்டருக்கும் மாறாத ஓர் அடையாளப் பெயர் வைத்து அதைச் சேமியுங்கள். திரையில் காட்டும் பெயர் அதுவாக இருக்க வேண்டியதில்லை. காட்டும் பெயரை நாளைக்கு மாற்றத் தோன்றும். சேவ் ஃபைலில் பதிப்பு எண்ணும் ஒன்று இருக்கட்டும், பழைய '3' என்பவர்களைச் சூனியக்காரிக்கு மாற்றிக்கொடுக்க அது உதவும். சேமித்த பெயருக்கு ஆளே இல்லையென்றால் முதல் ஹீரோவைக் காட்டுங்கள், கேம் நின்றுவிடக் கூடாது.

கேள்வி: கூடுதல் கேரக்டர்களைப் பணத்துக்கு விற்கலாம் என்று இருக்கிறேன். நேரடியாக விற்பதா, அதிர்ஷ்டப் பெட்டிக்குள் வைப்பதா? பெட்டியில்தான் வருமானம் அதிகம் என்கிறார்கள்.

பதில்: என்கிறார்கள்தான். பெட்டியோடு வரும் சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா? குறிப்பிட்ட சிலவற்றை முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகை கச்சாவை (அதிர்ஷ்டப் பெட்டி விற்பனையை) ஜப்பான் 2012இலேயே சட்டவிரோதம் என்றது. பெல்ஜியத்தில் 2018இல் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வந்தன. எந்தப் பொருள் எத்தனை சதவீத வாய்ப்பில் வரும் என்பதை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலும் கூகுள் பிளே 2019இலும் விதி கொண்டுவந்தன. ஒருவரோ இருவரோ செய்யும் கேமுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

2014இல் வந்த கிராஸி ரோடும் ஒரு பரிசு இயந்திரம் வைத்திருந்தது. விளையாடிச் சேர்த்த 100 நாணயம் போட்டால் ஒரு கேரக்டர் விழும். குறிப்பிட்ட கேரக்டர்தான் வேண்டும் என்றால் நேரடியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதிர்ஷ்டம் விளையாட்டு நாணயத்துக்கு, பணத்துக்கு உறுதியான பொருள். நான் அந்தப் பக்கம்தான்.

நேரடி விற்பனையிலும் இரண்டு இடத்தில் இடறுவார்கள். ஐபோனில் 'வாங்கியதை மீட்டெடு' பொத்தான் இல்லாவிட்டால் ஆப்பிள் திருப்பி அனுப்பும். கூகுள் பிளேயில் வாங்கியதை உங்கள் கேம் 3 நாளுக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் பணம் வாங்கியவருக்கே திரும்பிப் போய்விடும். வருமானம் ஏன் வரவில்லை என்று அப்புறம் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

முக்கியமான இன்னொன்று: காசுக்கு விற்கும் கேரக்டர் ஸ்கோர் பட்டியலில் மற்றவர்களை முந்தும்படி இருக்கக் கூடாது. முகத்தை விலைக்கு விற்கலாம். வலுவான காலை விற்றால், காசு கொடுக்காதவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் போனபின் காசு கொடுத்தவர் யாரை முந்துவார்?

கேள்வி: நெட்டில் இலவசமாகக் கிடைத்த கேரக்டர் படங்களைப் போடலாமா? நிறத்தை மாற்றிவிட்டால் சிக்கல் இல்லைதானே?

பதில்: நிறம் மாற்றினால் உரிமை மாறாது. படத்தோடு என்ன உரிமம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம். சிசி ஜீரோ என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிசி பை என்றால் வரைந்தவர் பெயரை கேமுக்குள் போட வேண்டும். என்சி என்று சேர்ந்திருந்தால் வணிகத்துக்கு ஆகாது. விளம்பரம் காட்டும் இலவச கேமும் வணிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்டி என்றால் மாற்றி வெளியிடவே கூடாது. ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அது உங்களுக்கில்லை. பிரபல கார்ட்டூன் கேரக்டரை மீசை வைத்துச் சேர்க்கலாமா என்று கேட்ட இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: எத்தனை கேரக்டர் இருந்தால் கேம் நிறைவாக இருக்கும்? என் மகன் முப்பது வேண்டும் என்கிறான்.

பதில்: முகம் மட்டும் மாறுகிறதென்றால் முப்பதும் வைக்கலாம், மகனே வரைந்து தந்தால். 2012இல் தொடங்கிய சப்வே சர்ஃபர்ஸ் அந்த வழிதான்: யாரை எடுத்தாலும் ஒரே ஓட்டம். திறன் மாறுகிறதென்றால் பெருக்கிப் பாருங்கள். 5 கேரக்டர், 40 லெவல் என்றால் 200 முறை ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஆறாவது ஆள் வந்தால் இன்னும் 40. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1991இல் தேர்ந்தெடுக்க 8 பேரோடுதான் வந்தது. அவர்களில் ரியூவும் கென்னும் கிட்டத்தட்ட ஒரே ஆள்.

மகன் பட்டியல் போட்டதும் ஒவ்வொன்றையும் முழுக் கறுப்பாக நிரப்பி, போனில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுங்கள். யார் யார் என்று அவனால் சொல்ல முடிந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிஞ்சா, சிவப்பு நிஞ்சா என்று வெறும் நிறத்தால் பிரித்தவை முதலில் அடிபடும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத விளையாட்டாளர்களும் கணிசமாக இருக்கிறார்கள். முப்பதில் ஏழெட்டு தேறலாம். அதில் இரண்டு பேரை மட்டும் முதல் பதிப்பில் விடுங்கள், மற்றவர்களை அப்டேட்டுக்கு வைத்திருங்கள்.